குலத்தின் பழியும் மூளையின் வெண்ணிழையும்

நோய்களுள் சில தனி மனிதனைப் பற்றுகின்றன. சில ஊரைப் பற்றுகின்றன. வேறு சிலவோ குலத்தைப் பற்றுகின்றன. காய்ச்சல் கண்டவனுக்கு அயலார் கஞ்சி கொண்டு வருவர். கொள்ளைநோய் கண்ட ஊருக்கு அரசாங்கம் வைத்தியரை அனுப்பும். ஆனால், தந்தைக்கு நாற்பது வயதில் வந்த தள்ளாட்டம் மகனுக்கு முப்பத்தைந்தில் வந்து, பேத்தியின் கைவிரல்களில் நடுக்கமாகத் தலைகாட்டுமாயின், அயலாரின் அனுதாபம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிவிடுகின்றது. அக்குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஊரின் குரல் தாழ்கின்றது. "அவையின்ரை சந்ததியிலை ஒரு நடுக்கம் இருக்காம்" என்ற ஒரு வாக்கியம், எமது தீவுகளில் நல்லபடியாகத் தொடங்கிய கலியாணப் பேச்சுக்காலைக் குலைத்துவிடப் போதுமானது. முன்னோர் செய்த வினை என்பர் சிலர். கோயிற் சொத்தைத் தின்ற குற்றம் என்பர் வேறு சிலர். சூனியம் என்று கழிப்புக் கழிப்பிப்போரும் உளர். எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றே: நோய் குற்றமாகின்றது, நோயாளி ஒரு குற்றத்தின் வாரிசாகின்றான்.

இந்தப் பழி எவ்வாறு வளர்ந்தது, விஞ்ஞானமே ஒரு காலத்தில் அதற்கு எவ்வாறு துணைபோயிற்று, பின்னர் உயிரோடிருக்கும் மனிதனின் மூளையினுள்ளே நோக்கும் ஆற்றல் கைவந்தபோது அது எவ்வாறு ஆட்டங்கண்டது என்பவற்றை வரலாற்று முறையிற் சுருக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பாடசாலைகளில் 'வெண்சடப்பொருள்' என்று ஒரு வரியிற் சொல்லிக் கடந்துபோகும் மூளைப்பகுதியே இவ்வரலாற்றின் நடுநாயகம். மூளையின் நரைச்சடப்பொருளில் நரம்புக்கலங்களின் உடல்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று தொடுக்கும் நீண்ட நார்களின் கட்டுகளே வெண்சடப்பொருள். நார்களைச் சுற்றியுள்ள கொழுப்புச் செறிந்த மயலின் உறைதான் அதற்கு வெண்மை தருகின்றது. ஒரு மனித மூளையில் உள்ள இந்நார்களை நீட்டி இணைத்தால் ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கும் மேல் நீளும் எனக் கணித்துள்ளனர். கையை நீட்டு என்று நினைத்தவுடன் கை நீள்வதற்கும், நீட்டிய கை நடுங்காமல் நிற்பதற்கும் இந்த இழைகள் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

ஓர் ஆண்டிலிருந்து தொடங்குவோம். 1872 இல் இரண்டு எழுத்துகள் அச்சேறின. ஒன்று யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது. அமெரிக்க மிசனைச் சார்ந்து 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று துணிந்து செய்து காட்டியவர். மனித உடலின் அமைப்பைத் தமிழில் விளக்கும் அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' அவ்வாண்டில் வெளிவந்தது. மற்றையது, அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் வைத்தியர் எழுதிய சில பக்கக் கட்டுரை. அது அச்சில் வந்தபோது அவருக்கு வயது 22.

ஹண்டிங்டனும் ஒரு தீவில் பிறந்தவரே. நியூயோர்க்கை அடுத்துள்ள நீள்தீவின் கிழக்குக் கோடியில் ஈஸ்ற் ஹம்ரன் என்ற கரையோர ஊரில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் வைத்தியம் பார்த்தனர். மூன்று தலைமுறை வைத்தியர் ஒரே ஊரில் இருந்தமையால் அங்குள்ள நோயாளரின் பல தலைமுறைகள் அவர்களுடைய பார்வைக்குள் அடங்கின. கை, கால், முகம் ஆகியவை தம் வசமின்றி ஆடுவது, மனநிலை திரிவது, நடுவயதின் பின்னர் தொடங்கி மரணம் வரை விடாது வளர்வது என அந்நோயின் இயல்புகளை அவர் எழுதினார். அவற்றிலும் முக்கியமான ஒன்றை அவர் கவனித்தார். இந்நோயுள்ள குடும்பத்திற் பிறந்த ஒருவர் நோயின்றி வாழ்ந்து முடித்தால், அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது வருவதில்லை. மெண்டலின் பரம்பரை விதிகள் உலகத்தின் கவனத்துக்கு வந்தது 1900 இல். அதற்கு 28 ஆண்டுகள் முன்னரே, குலம் முழுவதும் கறைபட்டதன்று என்ற உண்மை எழுத்தில் வந்துவிட்டது. ஊர்வாய் இன்றுவரை அதனைக் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

ஊர்வாயை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கற்றோர் செய்தது அதனினும் கொடிது. அதே நீள்தீவிலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹாபரில் பரம்பரை ஆய்வு நிலையம் நடத்திய சார்ள்ஸ் டவன்போட்டும் அவருடைய உதவியாளர் எலிசபெத் மன்சியும் 1916 இல் ஹண்டிங்டன் நோயாளர் 962 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். உழைப்பு பெரிது, நோக்கமோ 'நல்லினம்' வளர்ப்பது. இத்தகைய குடும்பத்தாரைப் பிள்ளை பெறாமற் செய்தல் வேண்டும், நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தல் வேண்டும் என்பதை நோக்கியே அவ்வாய்வின் முடிவுகள் சென்றன. 1932 இல் வெஸ்ஸி என்ற அமெரிக்க வைத்தியர், பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் இந்நோயின் வழிவந்தவர்களே என்று எழுதினார். அவர் வரைந்த வம்சாவளியிற் பிழைகள் மலிந்திருந்தமையைப் பிற்கால வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டினர். எனினும் அதற்கிடையில் அந்தக் கதை மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது.

இதன் முடிவு என்ன? 1933 யூலையில் ஹிட்லரின் அரசு இயற்றிய சட்டம், கட்டாயமாக மலடாக்கப்பட வேண்டியோரின் பட்டியலில் ஹண்டிங்டன் நோயைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. அச்சட்டத்தின்கீழ் மலடாக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். திண்ணையில் இருந்து "அந்தச் சந்ததியோடை சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லும் வாய்க்கு அதிகாரமும் கத்தியும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஜேர்மனி உலகுக்குக் காட்டிற்று. பரம்பரை நோயைப் பற்றிப் பேசும் எவரும் இவ்வரலாற்றை மறந்து பேசுதல் தகாது.

இனி, இந்நோய்களைப் பற்றிய உண்மையான அறிவு எங்கிருந்து வந்தது என்று நோக்குவோம். அது பெரும்பாலும் ஏழைகள் வாழ்ந்த கரைகளிலிருந்தே வந்தது. வெனிசுவேலா நாட்டில் மரகைபோ ஏரிக்கரையில் வாழும் மீனவரிடையே ஓர் ஆட்டநோய் மிகுந்திருந்தது. கள்ளுண்டு ஆடுகின்றனர் என்றே பிறர் எண்ணினர். அமெரிக்கோ நெகிரெத்தே என்ற வைத்தியர் அது ஹண்டிங்டன் நோய் என்பதை 1955 இல் வெளிப்படுத்தினார். 1980களில் நான்சி வெக்சலர் தலைமையில் ஆய்வாளர் ஆண்டுதோறும் அக்கரைக்குச் சென்று, 18,000 பேருக்கு மேற்பட்ட வம்சாவளியைத் தொகுத்து, குருதி மாதிரிகளைப் பெற்றனர். அக்குருதியின் துணைகொண்டே 1983 இல் நோய்க்குக் காரணமான பரம்பரையலகு நான்காம் நிறமூர்த்தத்தில் உள்ளதென அறியப்பட்டது; 1993 இல் அந்த அலகே கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ. எழுத்துகளில் மூன்று, ஒரே சொல்லைத் திக்கிச் சொல்பவன் போல, மீண்டும் மீண்டும் வருகின்றன. 26 முறை வரையில் வந்தால் கேடில்லை; 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், நீண்டு வாழும் மனிதருக்கு நோய் வந்தே தீரும். சூனியம், சாபம், முன்வினை என்று நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டது, எண்ணக்கூடிய ஒரு தொகையாகிவிட்டது.

அத்திலாந்திக் சமுத்திரத்தில் போர்த்துக்கலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளின் கதை எம்மை இன்னும் நெருங்கி வருவது. அவற்றுள் ஒன்றான புளோரெஸ் தீவில் இன்று வாழ்வோர் நாலாயிரத்துக்கும் குறைவு. உலகில் மச்சாடோ – யோசெப் என்னும் நடைத்தள்ளாட்ட நோய் மிகச் செறிந்து காணப்படும் இடம் அதுவே. பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற இரு அசோர்ஸ் குடும்பங்களை 1970களில் வைத்தியர்கள் ஆராய்ந்து, அக்குடும்பங்களின் பெயரையே நோய்க்கு இட்டனர். ஒரு குடும்பத்தின் பெயர் நோயின் பெயராகிவிட்டால், அப்பெயரைச் சுமக்கும் பிள்ளைகளின் நிலையை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். போர்த்துக்கேய மாலுமிகளே இந்நோயை உலகெங்கும் பரப்பினர் என்றும் ஒரு கருத்து நிலவியது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, எமது தீவுகளிற் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர்தாம். ஆனால் 2007 இல் வெளிவந்த மரபியல் ஆய்வு, உலகில் மிகுதியாகப் பரவியுள்ள மரபுத்திரிபு ஆசியாவில், பல்லாயிரம் ஆண்டுகள் முன்னர் தோன்றியதெனக் காட்டியது. பழியைப் பிறர் தலையிற் சுமத்தும் பழக்கம் இங்கும் பொய்யாயிற்று.

தீவுகளிலும் ஒதுக்கமான கரைகளிலும் இவை செறிவதேன்? அங்குள்ளோர் பிறரினும் பாவிகள் என்பதாலா? கணக்கு மிக எளிது. சிறு தொகையான மூதாதையர் ஒரு தீவிற் குடியேறுகின்றனர். அவர்களுள் ஒருவருக்கு அத்திரிபு இருக்கின்றது. நோய் நடுவயதிலேயே வெளிப்படுவதால், அதற்கு முன்னரே அவருக்குப் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. கடல் சூழ்ந்த சிறு இடத்தில் அவர் வழித்தோன்றல்கள் பெருகுகின்றனர். பெருநகரில் ஆயிரம் தெருக்களுட் கரைந்துபோவது, தீவில் எல்லோர் கண்ணிலும் படுகின்றது. தீவின் குற்றம் அது சிறிது என்பது மட்டுமே.

எம்மவரிடையே நிலைமை என்ன? மும்பாயில் நோஷிர் வாடியாவும் சுவாமியும் 1971 இல், கண்ணசைவு மந்தமாகும் ஒருவகைப் பரம்பரைத் தள்ளாட்டத்தை விவரித்து எழுதினர். பின்னர் இரண்டாம் வகைத் தள்ளாட்ட நோய் என எண்ணிட்டு அழைக்கப்படுவது அதுவே. 2005 இல் தமிழ்நாட்டு மருத்துவர் சிலர், அங்குள்ள ஒரு சமூகத்தாரிடையே முதலாம் வகை மிகுந்திருப்பதை வெளியிட்டனர். அச்சமூகத்தின் பெயரை இங்கு எழுதவேண்டிய தேவையில்லை. பெயர் சொல்லிப் பழிக்கும் வழக்கத்துக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இலங்கையில், தலைமுறைதோறும் வரும் தள்ளாட்ட நோயாளர் 34 பேரை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வில், அவர்களுள் நூற்றுக்கு 61 பேருக்கு அதே முதலாம் வகை இருந்தது. ஒருவருக்கு இரண்டாம் வகை; எஞ்சிய 12 பேரின் வகை அறியப்படவில்லை. முதலாம் வகையினருக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 35 அளவில். அதாவது, பிள்ளைகள் பாடசாலை செல்லத் தொடங்கும் பருவத்தில் தகப்பனின் கால்கள் தடுமாறத் தொடங்குகின்றன. அவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. கால் தடுமாறுவதற்கு இழைகள் காரணம். மனஞ்சோர்வதற்கு நோயோடு ஊரும் ஒரு காரணமாகாது என்று யார் சொல்ல முடியும்?

இங்கு ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் அவசியம். "சொந்தத்துக்குள்ளை கட்டினதாலை வந்தது" என்று எல்லாப் பரம்பரை நோய்க்கும் ஒரே காரணம் கூறுவது எம்மவர் வழக்கம். ஹண்டிங்டன் நோயும் மேற்கூறிய தள்ளாட்ட நோய்களும் ஆட்சியுள்ள வகையைச் சேர்ந்தவை. தாய் தந்தையருள் ஒருவரிடம் திரிபு இருந்தாற் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மச்சாளைக் கட்டினாலும் பிறநாட்டுப் பெண்ணைக் கட்டினாலும் கணக்கு மாறாது. நிக்கொலாஸ் பிரீட்றைக் என்ற ஜேர்மானியர் 1863 முதல் விவரித்த தள்ளாட்டமும், கின்னியர் வில்சன் 1912 இல் விவரித்த செம்பு தேங்கும் நோயும் பின்னிடைவானவை. பெற்றோர் இருவரிடமிருந்தும் திரிபு வந்தாலே நோய் தோன்றும். மச்சான் மச்சாள் கலியாணம் இவ்வகைக்கே வாய்ப்பைக் கூட்டுகின்றது. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாதபோது வீணான அச்சமும் வீணான துணிவும் ஒருங்கே பெருகுகின்றன.

பரம்பரையலகைக் கண்டபின் விடை கிடைத்துவிட்டதென்று பலர் எண்ணினர். ஆனால் ஓர் எழுத்துப் பிழை ஒருவனுடைய கையை ஏன் நடுங்கவைக்கின்றது? பிறந்தபோதே இருந்த பிழை நாற்பது ஆண்டு ஏன் காத்திருந்தது? ஒரே பிழையைப் பெற்ற இரு சகோதரருள் ஒருவன் ஏன் நோயின்றி இருக்கின்றான்? இவற்றுக்கு விடை காண மூளையினுள்ளே, அதுவும் உயிருள்ள மூளையினுள்ளே, பார்க்கவேண்டியிருந்தது.

வெண்மையும் நரையும் வேறென்பதை 1543 இல் வெளிவந்த தமது பெருநூலில் வெசாலியஸ் சுட்டினார். வெண்சடப்பொருளை வெறும் மெழுகென எண்ணாமல், அதன் நார்கள் எங்கு தொடங்கி எங்கு முடிகின்றன என்று தொடர்ந்து சென்று காண்பதே சரியான வழி என 1665 இல் பாரிசில் நிகழ்த்திய உரையில் நீல்ஸ் ஸ்ரென்சன் வற்புறுத்தினார். வழி தெரிந்தது, நடக்கக் கால் இல்லை. 1854 இல் விர்ஹோ மயலினுக்குப் பெயரிட்டார். 1880களில் வைகேட் அதற்கு நிறமூட்டும் முறையை வகுத்தார். ஆயினும் இவையெல்லாம் இறந்தோரின் மூளையிற் கண்டவை. நோய் தன் வேலையை முடித்துப் போனபின், எரிந்த வீட்டைப் பார்ப்பது போன்றது அது. தீ எந்த அறையில் தொடங்கிற்று என்று சாம்பல் சொல்வதில்லை.

உயிருள்ள மூளைக்குள் நோக்கும் வாயில் 1971 இல் திறந்தது. ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த பொறியால், அவ்வாண்டு ஒக்ரோபரில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளியின் மூளை குறுக்குவெட்டுப் படமாக முதன்முறை பிடிக்கப்பட்டது. பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கூட்டி ஓர் உருவமாக மீட்பதற்குக் கணிதம் வேண்டும். அதே 1971 இல், அத்தகைய மீட்புக்கு எளிதும் விரைவுமான ஒரு கணித வழியை இருவர் வெளியிட்டனர். ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு பேராசிரியராக இருந்து பெங்களூர் சென்ற ஜி. என். இராமச்சந்திரன், மற்றவர் ஏ. வி. இலட்சுமிநாராயணன். அவ்வழி இருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராம் – லாக்' என்று உலகெங்கும் வழங்குகின்றது. மூளையின் உள்ளே நோக்கும் கண்ணைத் திருத்தியதில் சென்னையில் ஆய்வு வளர்த்த ஒருவரின் கையும் உண்டு என்பதை எமது மாணவர் எத்தனை பேர் அறிவர்?

எனினும் எக்ஸ் கதிருக்கு வெண்ணிழைகளின் நுட்பம் தெரியாது. 1973 இல் லோட்டர்பர் காந்தப் பரிவினால் உருவம் வரையும் வழியைக் காட்டினார். மான்ஸ்பீல்ட் அதனை வளர்த்தார். இருவருக்கும் 2003 இல் நோபெல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ. என்று இன்று எல்லோரும் அறிந்த இம்முறை, உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்களைக் காந்தப் புலத்தில் நிறுத்தி, அவை தரும் சமிக்ஞைகளைக் கொண்டு படம் வரைவது. அதிலிருந்து இன்னொரு கிளை தோன்றியது. நீரின் துணிக்கைகள் ஓயாது அலைபவை. கடற்கரை மணலில் ஊற்றிய நீர் எல்லாப் பக்கமும் ஊறும். விளக்குத் திரியில் ஊறும் எண்ணெயோ திரியின் நீளத்தின் வழியே செல்லும். வெண்ணிழைக் கட்டில் நீரும் அவ்வாறே இழையின் போக்கில் எளிதாகவும், குறுக்கே அரிதாகவும் பரவுகின்றது. இந்தப் பரவலின் திசையை அளந்தால், காணமுடியாத இழையின் போக்கை வரையலாம். இழை சிதைந்தால் பரவல் திசையிழந்து குழம்பும், அக்குழப்பத்தையும் அளக்கலாம். 1994 இல் பாசர், மத்தியெல்லோ, லெ பிஹான் ஆகியோர் இதற்குரிய கணித முறையை வகுத்தனர். ஸ்ரென்சன் கேட்டது 329 ஆண்டுகளின் பின் கைகூடிற்று. கத்தி வைக்காமல், உயிரோடிருப்பவரின் மூளையில் நார்களைத் தொடர்ந்து செல்ல வழி பிறந்தது.

அவ்வழியே சென்றவர் கண்டவற்றுள் இரண்டை மட்டும் இங்கு கூறுவேன். ஒன்று, இலண்டன், பாரிஸ், லெய்டன், வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் 366 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு. சாரா தப்ரிசி தலைமையில் நடந்த இதன் முதற் பேறுகள் 2009 இல் வெளியாயின. ஹண்டிங்டன் திரிபைப் பெற்றவர்களிடம், நோய் வெளிப்படும் என்று கணிக்கப்பட்ட காலத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னரே வெண்சடப்பொருளில் மாற்றம் காணப்பட்டது. நடை தளரவில்லை, பேச்சுக் குழறவில்லை, உத்தியோகம் பார்க்கின்றனர், ஆயினும் இழைகள் நலியத் தொடங்கிவிட்டன. இது அச்சம் தரும் செய்தி என்று தோன்றலாம். மருத்துவ நோக்கில் இதுவே நம்பிக்கை தருவது. நோய் ஒருநாள் இரவில் விழும் இடியன்று; நீண்ட காலம் நடைபெறும் ஒரு நிகழ்வு. நீண்டு நடப்பதன் குறுக்கே புகுந்து தடுக்க இடமுண்டு. தடுக்கும் மருந்தொன்று கையில் வரும் நாளில், அது இழைகளைக் காக்கின்றதா என்று சொல்லும் சாட்சியாக இப்படங்கள் நிற்கும்.

மற்றையது இன்னும் வியப்புக்குரியது. பிள்ளைப் பருவத்திலேயே கைகால்களை முறுக்கி வளைக்கும் ஒரு தசைமுறுக்கு நோய் உண்டு. அதன் பரம்பரையலகு 1997 இல் கண்டறியப்பட்டது. ஆனால் அத்திரிபைப் பெற்றோருள் நூற்றுக்கு முப்பது பேர் அளவிலேயே நோய் வெளிப்படுகின்றது. எஞ்சிய எழுபது பேர்? 2009 இல் நியூயோர்க் ஆய்வாளர் இருசாராரின் வெண்ணிழைகளையும் ஒப்பிட்டனர். சிறுமூளையாகிய மூளியிலிருந்து புறப்பட்டு, இடைநிலையமான தலமசைத் தொட்டு, மூளையின் மேற்பரப்புக்குச் செல்லும் பாதையின் முற்பகுதியில் இருசாராருக்கும் பழுது இருந்தது. நோயில்லாதவருக்கோ அப்பாதையின் பிற்பகுதியில் இரண்டாவதாக ஒரு பழுதும் இருந்தது. முதற் பழுதினாற் பிறந்த தவறான சமிக்ஞை, இரண்டாம் பழுதினைத் தாண்டி மேலே செல்ல இயலாமையால், அவர்கள் தப்பினர் என்பதே ஆய்வாளர் தந்த விளக்கம். உடைந்த வாய்க்காலின் வெள்ளம் அடுத்த அணையில் நின்றுவிட்டது போலும். ஒரே எழுத்தைப் பெற்றவர் ஒரே கதியை அடைவதில்லை. "இரத்தத்தில் எழுதியிருக்கின்றது, இனி என்ன செய்வது" என்று கைவிரிக்கும் விதிவாதத்துக்கு வெண்ணிழைகள் தந்த மறுமொழி இது.

ஆனால் படத்தையே புதிய சாதகக் குறிப்பாக்கிவிடும் அபாயமும் உண்டு. மேற்கூறியவை பலரைக் கூட்டிச் சேர்த்துப் பெற்ற சராசரிகள். ஒருவருடைய ஒரு படத்தைப் பார்த்து, இன்ன ஆண்டில் உனக்கு நோய் வரும் என்று சொல்வதற்கு அவை துணியவில்லை. தரகர் கையில் குறிப்போடு மூளைப்படமும் போகும் காலம் வருமாயின், 1916 ஆம் ஆண்டு வேறு வேடத்தில் எம் வாசலுக்கு வந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும். தன் உடலிலுள்ள திரிபை அறிய விரும்புபவனுக்கு அறியும் உரிமை உண்டு. அறிய விரும்பாதவளுக்கு அறியாமலிருக்கும் உரிமையும் உண்டு. அவ்வறிவு அவர்களுடைய சொத்து. மாமனார் வீட்டாருக்கோ தொழில் கொடுப்போருக்கோ அதில் பங்கில்லை.

இனி, இவ்வறிவின் பயன் யாரைச் சேர்கின்றது என்ற கேள்வி எஞ்சுகின்றது. மரகைபோக் கரையின் மீனவர் தந்த குருதியால் உலகெங்கும் ஆய்வு வளர்ந்தது. அக்கரையிலோ வறுமை தீரவில்லை. பிரீட்றைக் நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்தொன்றுக்கு 2023 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கு அதற்குக் குறித்த விலை ஆண்டுக்கு 3 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். இந்தத் தொகைக்கு முன்னால் நெடுந்தீவின் ஒரு மீனவக் குடும்பம் என்ன, கொழும்பின் ஓர் உத்தியோகக் குடும்பமும் வாயடைத்தே நிற்கும்.

விலை குறைந்த மருந்து உள்ள இடத்திலும் அறியாமை உயிரை வாங்குகின்றது. வில்சன் நோயை எடுத்துக்கொள்வோம். உடலிற் செம்பு தேங்கி, ஈரலையும் மூளையையும் கெடுத்து, இளம் வயதினரின் கையை நடுங்கவைத்து, பேச்சைக் குழறவைத்து, குணத்தையும் மாற்றுகின்ற நோய் அது. 1956 இல் ஜோன் வோல்ஷ் பெனிசிலமின் என்னும் மருந்தாற் செம்பை வெளியேற்றலாம் எனக் காட்டினார். பின்னர் நாகச் சேர்வைகளும் பயன்பட்டன. காலத்தோடு கண்டு, வாழ்நாள் முழுவதும் மருந்துண்டால், அந்தப் பிள்ளை படித்து, தொழில் செய்து, குடும்பமாய் வாழலாம். காலம் தவறினால் மீள்வது அரிது. நடுங்கும் கையோடும் திரிந்த குணத்தோடும் வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பேய் பிடித்ததென்று நூல் கட்டிக் கழிப்புக் கழித்து ஓராண்டைப் போக்கும் ஒவ்வொரு வீட்டிலும், காப்பாற்றக்கூடிய ஓர் உயிர் கைவிடப்படலாம். பரம்பரை நோய் என்றாலே மருந்தில்லை என்பதும் பழியின் ஒரு கிளையே.

எமது தீவுகளின் நிலையை எண்ணுவோம். நெடுந்தீவில் நடை தளர்ந்த ஒருவர் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸேறி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணம் போகவேண்டும். நேராக நிற்க இயலாதவருக்குப் படகின் விளிம்பைத் தாண்டுவதே ஒரு சோதனை. நரம்பியல் நிபுணரைக் காணவும், படம் எடுக்கவும், அதன் முடிவை அறியவும் இப்பயணத்தை எத்தனை முறை மேற்கொள்ள வேண்டும்! பயணத்தின் முடிவில் சொல்லப்படுவது விளங்காத மொழியிலோ விளங்காத தமிழிலோ இருந்தால், அத்தனை பாடும் வீண். கிறீன் வைத்தியர் 150 ஆண்டுகளுக்கு முன்னர் தமிழிற் கற்பித்ததை எண்ணும்போது, பாதிக்குப் பாதி என்ற எளிய கணக்கைக்கூட ஒரு தாய்க்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆளில்லை என்ற நிலை எம்மை வெட்கப்படுத்த வேண்டும்.

வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 1990 இன் பின்னர் போரினாற் தீவுகள் வெறிச்சோடின. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பிறந்தவர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். அங்கு ஒருவனுக்குக் கை நடுங்கினால், அங்குள்ள வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று: "உங்கள் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் என்ன நோய் இருந்தது?" கோடிக்கணக்கான பணத்திற் செய்த பொறி அருகே நிற்கின்றது, ஆனால் அக்கேள்விக்கு விடை தீவிலே, ஒரு முதிய பெரியம்மாவின் நினைவில் இருக்கின்றது. எந்தப் பாட்டனார் எத்தனை வயதில் தடி பிடித்தார், எந்தச் சித்தப்பா "வெறிகாரன்" என்று பெயரெடுத்தும் கள்ளைத் தொடாதவர், எந்த மாமி படுக்கையிற் கிடந்து மறைந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மானத்துக்கு அஞ்சி அவர் வாய்திறவாமற் போனால், அவரோடு அந்த வம்சாவளியும் மண்ணுக்குப் போய்விடும். மூளையின் வெண்ணிழையைக் காட்டும் பொறிக்கு, குலத்தின் இழையைக் காட்டும் நினைவு துணை வேண்டும்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. குடும்பத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லும் துணிவை வளர்க்க வேண்டும். சொன்னவரைத் தூற்றாத ஊரை ஆக்கவேண்டும். தீவுகளின் மருத்துவமனைகளுக்கு நரம்பியல் நிபுணர் குறித்த நாட்களில் வந்து பார்க்கும் ஒழுங்கைக் கேட்டுப் பெறவேண்டும். பரம்பரை பற்றிய பாடத்தைப் பட்டாணிச் செடியோடு நிறுத்திவிடாமல், மனிதரின் துன்பத்தோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும். ஆசிரியராகிய எமக்கு இதில் உள்ள பொறுப்பு சிறிதன்று. பேச்சுக்காலில் நாளை இருக்கப்போவோர் இன்று எமது வகுப்பில் இருக்கின்றனர்.

2017 மே மாதத்தில் உலகின் பல நாடுகளிலிருந்து ஹண்டிங்டன் நோயாளரும் குடும்பத்தாரும் உரோமாபுரியிற் பாப்பரசரைச் சந்தித்தனர். இனி மறைந்து வாழோம் என்பதே அக்கூட்டத்தின் முழக்கமாக இருந்தது. மரகைபோக் கரையிலிருந்தும் சிலர் அங்கு சென்றனர். நாட்டின் தலைநகரையே காணாத மீனவர் உலகின் முன் நிமிர்ந்து நின்றனர். நடுங்கும் கை ஒரு குற்றத்தின் அடையாளம் அன்று என்பதற்கு அறிவியல் தன் சான்றைத் தந்துவிட்டது. அதனை ஏற்று, அந்தக் கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட வேண்டியது ஊரின் கடமை.